பரீட்சையும் மாணாக்கரும்

இக்காலத்துக் கல்லூரி மாணாக்கர்க்குக் கல்வியின்கண் விருப்பமில்லை. அவர் நாடுவது பட்டம் ஒன்றே. அப்பட்டத்தையும் உத்தியோகத்தின் பொருட்டே நாடுகின்றனர் என்று நம் சங்கக் கூட்டங்களிற் பெரியோர் பலர் வருந்திக் கூறுவதை அன்பர்கள் கேட்டிருப்பர். திருவள்ளூரிலாயினும் பொன்னேரியிலாயினும் கும்மிடிப்பூண்டியிலாயினும் இவ்வுரை எழாத கூட்டம் அரிது. ஆசிரியத் தொழிலில் ஈடுபட்டுள்ள யாமும் இதனை முற்றும் பொய்யென்று தள்ள இயலாதேம். ஆயினும் இதன் வரலாற்றைச் சிறிது ஆராயப் புகுந்தபோது ஓர் உண்மை புலனாயிற்று. இம்முறையீடு இன்றைய மாணாக்கரோடு பிறந்ததன்று. இவர்தம் பாட்டனார் படித்த காலத்தும் இதுவே முறையீடு. பாட்டனார்க்குப் பாட்டனார் காலத்தும் இதுவே. குற்றச்சாட்டு நூறாண்டுக்கு மேலாக மாறாது நிற்பக் குற்றவாளிகள் மட்டும் தலைமுறைதோறும் மாறி வருவாராயின், குற்றம் அவரிடத்துள்ளதோ, அவரை ஏற்றிய கூண்டினிடத்துள்ளதோ என்று கேட்டல் முறையேயாகும்.

இஃது வெறும் வாதத்தின் பொருட்டு எழுந்த வினாவன்று. நம் சங்கம் ஆண்டுதோறும் மாணாக்கர்க்குப் பரிசும் உதவித்தொகையும் வழங்கி வருகின்றது. எதனை அளந்து வழங்குவது என்பது, கல்வி என்று நாம் எதனைக் கருதுகின்றோம் என்பதைப் பொறுத்தது. ஆதலின் அன்பர்கள் சிறிது பொறுமையோடு எம்முடன் பின்னோக்கி வருதல் வேண்டும்.

மாணாக்கரைத் தரம் பிரித்தறிதல் தமிழர்க்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்துள் மாணாக்கரை எட்டுப் பொருள்களோடு ஒப்பிட்டு மூவகைப்படுத்தினர். அன்னமும் பசுவும் தலை மாணாக்கர்க்கு உவமை. நிலமும் கிளியும் இடை மாணாக்கர்க்கு. ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் கடை மாணாக்கர்க்கு. பாலும் நீரும் கலந்தவழிப் பாலைப் பிரித்துண்ணும் அன்னம்போல நல்லது தெரிந்து கொள்பவனும், புல்லை வயிறார மேய்ந்து பின்னர் ஓரிடத்திருந்து அசைபோடும் பசுப்போலக் கற்றதைச் சிந்திப்பவனும் முதற்றரத்தினர். கிளியோ கற்பித்த சொல்லைப் பிழையின்றிச் சொல்லும்; மற்றொன்றும் சொல்லாது. ஆடு செடிக்குச் செடி நுனியைக் கடித்துச் செல்லும். ஒன்றிலும் வயிறு நிறையாது. பன்னாடை நெய்யைக் கீழே விட்டுக் கசட்டைத் தன்பால் நிறுத்திக்கொள்ளும். கிளியை முனிவர் கடையில் தள்ளினாரல்லர், தலையில் வைத்தாருமல்லர், இடையிலே நிறுத்தினர். இதனை நேயர்கள் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

அந்நூலே மற்றொன்றும் கூறும். ஆசிரியன் உரைப்பதைச் செம்மையாகக் கேட்ட மாணாக்கன் அடையும் புலமை காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகி உசாவுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைத்தலால் வருவது. எமது தொழிலுக்கு இக்கணக்கு அத்துணைப் பெருமை தருவதன்று. ஆயினும் வகுப்பிற் பல்லாண்டு நின்றவர் எவரும் இதனை மறுக்க மாட்டார்.

இவ்வாறு கூறுதலால், பழங்காலம் முழுதும் பொற்காலம் என்று யாம் சொல்ல வந்ததாக அன்பர்கள் எண்ணற்க. சென்னை மாகாணத்தின் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ 1822-ஆம் ஆண்டிற் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கப் பணித்தார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி மாகாணத்திலிருந்த பள்ளிகள் 12,498. ஆயிரம் மக்களுக்கு ஏறக்குறைய ஒரு பள்ளி என்பது அக்காலத்திற்குச் சிறிய எண்ணன்று. ஆயினும் அப்பள்ளிகளிற் பெண்கள் மிகச் சிலரே; திண்ணையின்கீழ் நிறுத்தப்பட்ட குலத்தாரும் மிகப் பலர். நம் குலத்து மூத்தோர் எத்துணைப் பேர் தம் நிலப்பத்திரத்திற் கைந்நாட்டு வைத்தனர் என்பதை ஒவ்வொரு குடும்பத்தாரும் தத்தம் வீட்டுப் பழம் பத்திரங்களை எடுத்துப் பார்த்தால் அறியலாம். எல்லோரும் நுழையக்கூடிய வாயில் ஆங்கில ஆட்சியில், தாழ்ந்தும் குறுகியும் ஆயினும், திறந்தது என்பதை மறைத்தல் நன்றியன்று.

ஆனால் அவ்வாயிலை எதன் பொருட்டுத் திறந்தனர் என்பதே நோக்கத்தக்கது. 1844-ஆம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்சு பிரபு, ஆங்கிலக் கல்வி பெற்றோர்க்கே அரசாங்க உத்தியோகங்களில் முதலிடம் தருதல் வேண்டும் என்று கட்டளையிட்டனர். பல்கலைக் கழகம் தோன்றுதற்குப் பதின்மூன்று ஆண்டுகட்கு முன்னரே கல்விக்கு இன்ன விலை என்று எழுதி ஒட்டப்பட்டுவிட்டது. 1854-இல் சர் சார்லஸ் வுட் என்பார் விடுத்த கல்வி மடலின் வழி 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்றிடங்களிலும் பல்கலைக் கழகங்கள் எழுந்தன. சென்னைப் பல்கலைக் கழகச் சட்டம் நிறைவேறியது அவ்வாண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள். அக்காலத்தார் இதனைச் சர்வகலாசாலை என்று வழங்கினர்.

பெயர் சர்வகலாசாலையே ஆயினும் அதன்கண் சாலை இல்லை. லண்டன் பல்கலைக் கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டமையின், அது கற்பிக்கும் கழகமாகப் பிறவாமற் சோதிக்கும் கழகமாகவே பிறந்தது. கற்பித்தல் ஆங்காங்குள்ள கல்லூரிகளின் கடமை. வினாத்தாள் விடுத்தலும் பட்டம் அளித்தலும் கழகத்தின் கடமை. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் இந்திய வரலாற்றுப் பேராசிரியராகப் பல்கலைக் கழகத்திலேயே அமர்ந்தது 1914-இல். அதற்கு முன் ஐம்பதாண்டுக்கு மேலாகப் பல்கலைக் கழகம் என்றாலே மாணாக்கர்க்குப் பரீட்சை மண்டபம் என்றே பொருள்பட்டது. பரீட்சை என்னும் சொல் நம் நாட்டில் மணிகளின் குணங்குற்றம் ஆராயும் இரத்தின பரீட்சையைக் குறித்தும் வழங்கியது. மணியைச் சோதிப்பவன் மணியை ஆக்குபவன் அல்லன் என்பதை வணிகர் அறிவர். கல்வியாளர் அறிந்தும் மறந்தனர்.

இதனால் விளைந்தது யாது? நன்னூலார் இடையில் நிறுத்திய கிளி தலைக்கு ஏறிற்று. மூன்று மணி நேரத்திற் கற்பித்ததைப் பிழையின்றிச் சொல்லும் ஆற்றலே அளக்கப்படுமிடத்து, அசைபோடும் பசு காலம் போதாமற் பின்தங்கும். பாலையும் நீரையும் பிரிக்க நிற்கும் அன்னமோ வினாவிற் பாதியை எழுதாமல் எழுந்து வரும். கர்சன் பிரபு காலத்தில், 1902-ஆம் ஆண்டில், இந்தியப் பல்கலைக் கழகங்களை ஆராய்ந்த குழுவினர், கற்பித்தலுக்குப் பரீட்சை கீழ்ப்படுவதற்கு மாறாகப் பரீட்சைக்குக் கற்பித்தல் கீழ்ப்பட்டிருப்பதே இந்நாட்டுக் கல்வியின் பெருங்கேடு என்று கருத்துரைத்தனர். நெட்டுருப் போடுதல் என்னும் சொற்றொடர் வீடுதோறும் வழங்கலாயிற்று. பி.ஏ. தேறினார்க்கு ஒரு வரதட்சிணையும் தேறாதார்க்கு மற்றொன்றும் பேசப்பட்டன. தேறாதவர் தம்மைப் பி.ஏ. வரையிற் படித்தவர் என்று கூறிக்கொண்டதும் அக்காலத்து வழக்கே. இவற்றையெல்லாம் மாணாக்கர் தாமாக விரும்பி ஆக்கிக்கொண்டனரென்று எவ்வாறு கூறுவது?

இனி, அப்பரீட்சையின் நிழலிலேயே கல்வி விருப்பம் எங்ஙனம் தழைத்தது என்பதைச் சிறிது விரித்துக் கூறுவோம். ஏனெனில் அது பட்டுப்போகவில்லை.

1858-இல் இப்பல்கலைக் கழகத்தின் முதற் பட்டதாரிகளாய்த் தேறிய இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர். ஒருவர் கறல் விசுவநாத பிள்ளை, மற்றவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. தாமோதரம் பிள்ளையவர்கள் பின்னர்ச் சட்டத்திலும் பட்டம் பெற்றுப் புதுக்கோட்டையில் நீதிபதியாய் அமர்ந்தவர். பட்டம் வேண்டிய அளவு பயன் தந்துவிட்டது, அதனோடு நின்றிருக்கலாம். அவரோ செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து, 1881-இல் வீரசோழியமும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகார நச்சினார்க்கினியமும், 1887-இற் கலித்தொகையும் அச்சிட்டனர். இவற்றுள் எதுவும் அவர் எழுதிய பரீட்சைக்கு உரியதன்று.

மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் வரலாறும் யாவரும் அறிந்ததே. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பழைய முறையிற் பாடம் கேட்டுக் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்த அவரைச் சிந்தாமணியின்பால் திருப்பியவர் யார்? 1880-ஆம் ஆண்டில் அவ்வூருக்கு முனிசீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார். ஐயரவர்கள் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் அடுக்கிச் சொல்ல, முதலியார் அவற்றில் நிறைவு கொள்ளாமற் சீவக சிந்தாமணியைப் பற்றி வினவினர்; பின்னர் ஏட்டுப் பிரதியும் தேடிக் கொடுத்தனர். ஐயரவர்களின் சிந்தாமணிப் பதிப்பு 1887-இல் வெளிவந்தது. ஆங்கிலம் படித்தவர்க்குத் தமிழில் ஆர்வமில்லை என்று எம்போன்ற தமிழாசிரியர் இன்றும் குறை கூறுவதுண்டு. சங்க நூல்கள் மீண்டும் உலாவந்த கதையில் ஆங்கிலம் படித்த ஓர் உத்தியோகஸ்தர் கேட்ட கேள்விக்கும் இடமுண்டு என்பதை எம் தோழர்கள் எளிதில் நினைப்பதில்லை.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரைப் பரிதிமாற் கலைஞர் என்று இன்று வழங்குகின்றோம். 1902-ஆம் ஆண்டளவில், நாட்டு மொழிகளைப் பல்கலைக் கழகப் பாடத்தினின்று நீக்கக் கருதிய காலை, மு. சி. பூரணலிங்கம் பிள்ளையோடு கூடி அதனை எதிர்த்து நின்றவர் இவர். இவர் தம் மாணாக்கருள் ஆர்வமுடையாரைத் தெரிந்து, தம் இல்லத்திலேயே தனியே பாடஞ்சொல்லி, அவர்க்கு இயற்றமிழ் மாணவர் என்று பெயருமிட்டனர். கல்லூரி மணி அடித்த பின்னர் ஆசிரியர் வீட்டிற்குத் தாமே நடந்து சென்ற அவ்விளைஞர்க்கு அதனால் ஒரு மதிப்பெண்ணும் கூடியதில்லை. சாஸ்திரியார் 1903-இல் முப்பத்து மூன்றாம் அகவையிற் காலமாயினர். நெடுங்காலம் வாழ்ந்திருப்பின் தமிழ்க்கல்வி வேறு வழிச் சென்றிருக்கும் என்பது எம் துணிபு.

கணித மேதை இராமானுசத்தின் கதை இன்னும் கூரியது. கும்பகோணத்திற் பள்ளிச் சிறுவனாயிருந்தபோது, 1903-இல், கல்லூரி நூலகத்திலிருந்து கார் என்பவர் தொகுத்த கணித நூலொன்று அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை விரிவான விளக்கமின்றி வரிசையாகத் தந்த நூல் அது. பரீட்சைக்குப் படிப்பவன் கையாலும் தொடான். இராமானுசம் அதனுள் மூழ்கினர். 1904-இல் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தவர், ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் அத்தொகையை இழந்தனர். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1912-இற் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தனர். மறு ஆண்டிலேயே, தான் தேற்றாது விட்ட அவ்விளைஞர்க்குச் சென்னைப் பல்கலைக் கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1914-இற் கேம்பிரிட்ஜ் சென்ற அவர் 1918-இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராயினர். தான் செய்த தீர்ப்பைத் தானே மாற்றி எழுதிய பெருமை பல்கலைக் கழகத்திற்கு உண்டு. ஆயினும் ஓர் எண்ணம் எம்மை விட்டகலவில்லை. அவ்வாண்டுகளில் நம் சங்கம்போன்ற ஒன்று கும்பகோணத்தில் இருந்து, மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பரிசு வழங்கியிருப்பின், இராமானுசத்திற்கு ஒரு பேனாவும் கிடைத்திராது.

பரீட்சையில் தேறாதவரையே புகழ்கின்றோம் என்று சிலர் கருதக் கூடும். சர் சி. வி. இராமன் மாநிலக் கல்லூரியில் 1904-இல் பி.ஏ.யும் 1907-இல் எம்.ஏ.யும் முதன்மையாகத் தேறியவர். தேறியபின் என்செய்தனர்? எல்லோரும் செய்தபடியே அரசாங்கக் கணக்குத் துறையில் உத்தியோகம் ஏற்றுக் கல்கத்தா சென்றனர். உத்தியோகத்திற்குப் போதலே கல்விக்குப் பகை என்பார் இதனைக் கருதுக. காலையிலும் மாலையிலும், அலுவல் இல்லாத நேரமெல்லாம், அங்குள்ள விஞ்ஞானச் சங்கத்தின் சோதனைச் சாலையில் அவர் உழைத்தார். பத்தாண்டுகள் இவ்வாறு கழிந்தன. 1917-இற் குறைந்த ஊதியத்திற்குப் பேராசிரியரானார். 1928-இற் கண்ட விளைவிற்கு 1930-இல் நோபெல் பரிசு வந்தது. வேலை அவரைக் கெடுக்கவில்லை. வேலை முடிந்தபின் செல்லுதற்கு ஒரு கதவு திறந்திருந்தது. கதவு பூட்டியிருப்பின் இராமனும் ஓய்வூதியம் பெற்ற கணக்கதிகாரியாகவே முடிந்திருப்பார்.

நம் மாவட்டத்திற்கு வருவோம். பல்கலைக் கழகச் சட்டம் நிறைவேறிய அதே செப்டம்பர் 5-ஆம் நாளில், முப்பத்தோராண்டு கழித்து, 1888-இல், திருத்தணியிற் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். திருத்தணியிலும் திருப்பதியிலும் வேலூரிலும் பயின்று, உதவித்தொகையின் துணையாற் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியை அடைந்தனர். தத்துவப் பாடத்தை அவர் தேர்ந்ததற்குக் காரணம் பெருவிருப்பமன்று. முன்னரே பட்டம் பெற்ற உறவினர் ஒருவர் தம் தத்துவப் பாட நூல்களைக் கொடுத்துதவ, நூல் வாங்கும் செலவு மீதமாயிற்று என்பதே. கையிற் கிடைத்த நூலே பின்னர் வாழ்க்கையாயிற்று. வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்று பாதிரிமார் கூறியது அவரை உறுத்தியது. அதற்கு விடையாகவே தம் எம்.ஏ. ஆராய்ச்சியுரையை எழுதினர். அது 1908-இல் நூலாக வெளிவந்தது.

அவரே 1948-இல் அரசாங்கம் அமைத்த பல்கலைக் கழகக் கல்விக் குழுவிற்குத் தலைவராயினர். குழுவின் அறிக்கை 1949-இல் முடிந்தது. பல்கலைக் கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் சொல்லுக என்றால் பரீட்சையைத் திருத்துக என்றே சொல்வோம் என்பது அதன் கருத்து. அரசாங்க உத்தியோகத்திற்குப் பட்டம் வேண்டுமென்னும் நிபந்தனையை நீக்கி, உத்தியோகத்திற்கெனத் தனிப் பரீட்சை வைத்தல் வேண்டும் என்றும் குழு கூறிற்று. 1844-இல் இடப்பட்ட முடிச்சை அவிழ்க்கச் சொன்ன அறிவுரை இது. அறிவுரை ஏட்டில் நின்றது. திருத்தணிகூட 1960-இல் எல்லைப் போராட்டத்தின் பயனாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. பட்டத்தையும் உத்தியோகத்தையும் பிணித்த முடிச்சு மட்டும் அவிழவில்லை.

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரைந்து கூறுவோம். 1978-இற் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வந்தது. அவை தாமே வினாத்தாள் அமைக்கலாயின. வருடப் பரீட்சை அரையாண்டுப் பரீட்சையாயிற்று. எண்ணிக்கை பெருகியதேயன்றி இயல்பு மாறவில்லை. 1980-களின் நடுவிலிருந்து தனியார் பொறியியற் கல்லூரிகள் பெருகின. கவரைப்பேட்டையிலும் அதனைச் சூழவும் நெல் விளைந்த நிலங்களிற் கல்லூரிக் கட்டடங்கள் எழுந்தன. 2010-இல் முதற் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்வி சேரும் பெண்களுக்கு 2022-இலும் ஆண்களுக்கு 2024-இலும் மாதம் ஆயிரம் ரூபாய் உதவி தொடங்கிற்று. 2021-22-ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கின்படி, உயர்கல்வியிற் சேர்ந்தோர் விகிதம் இந்தியா முழுமைக்கும் நூற்றுக்கு 28.4, தமிழ்நாட்டில் 47. கைந்நாட்டு வைத்தாருடைய பேரன்மாரும் பேர்த்திமாரும் இக்கணக்கினுள் இருக்கின்றனர்.

பொன்னேரி அரசு கலைக் கல்லூரியிலோ, சென்னைக் கல்லூரிகளிலோ பயிலும் நம் பிள்ளைகளின் ஒரு நாளை எண்ணிப் பார்ப்போம். கும்மிடிப்பூண்டிச் சிப்காட்டிலும் தேர்வாய்க்கண்டிகையிலும் உள்ள ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளராக இரவு ஷிப்டு பார்த்துவிட்டுக் காலையில் வகுப்பிற்கு வருவோர் உளர். இரும்பு உருக்கும் ஆலையில் இரவெல்லாம் வெப்பத்தில் நின்றவன் மறுநாள் இரண்டாம் மணிப் பாடத்திற் கண்ணயர்ந்தால் அவனைச் சோம்பன் என்று பதிவு செய்கின்றோம். வீட்டிற் பாடம் கேட்க ஒருவருமில்லை. படித்தறிய ஒரு நூலும் இல்லை. தனியே அமர ஓரிடமும் இல்லை. பெண்மக்களுக்கோ வீட்டு வேலை முடிந்தபின் எஞ்சும் நேரமே படிப்பு நேரம். இந்நிலையில் அவர் கையேட்டை வாங்கிப் பத்து வினாக்களை மனப்பாடம் செய்வது கல்வியில் வெறுப்பாலன்று. உள்ள நேரத்திற்கு அதுவே அடங்கும். கோனார் உரை முதலாகத் தமிழ்நாட்டில் வழங்கிய உரைநோட்டுகளை எம் தொழிலினர் பலர் இகழ்வர். அதனை எழுதிய ஐயம்பெருமாள் கோனார் நல்ல புலவர்; அவ்வுரை மூலத்தைப் படிப்பார்க்குத் துணையே. மூல நூலைக் கையிற் கொடாமல் உரையை மட்டும் விற்பனைக்கு விட்ட ஏற்பாடே பிழையுடையது.

விருப்பம் செல்ல வழியின்றி நிற்குமிடத்து அது வேறு வடிவங் கொள்ளும் என்பதற்கு ஒரு துயரச் சான்றும் உண்டு. கும்மிடிப்பூண்டி வழியிலும் திருத்தணி வழியிலும் ஓடும் ரயில் வண்டிகளிற் கல்லூரி மாணாக்கர் 'ரூட்டு' என்று பிரிந்து, 'ரூட்டுத் தல' என்று தலைவரை வைத்துக்கொண்டு, கல்லூரிப் பெயரால் மோதிக்கொள்வதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். 2024 அக்டோபரிற் சென்னை சென்ட்ரலில் மாநிலக் கல்லூரி மாணாக்கன் ஒருவன் தாக்கப்பட்டு, மருத்துவமனையில் உயிர் துறந்தான். பச்சையப்பன் கல்லூரி மாணாக்கர் சிலர் அதன் தொடர்பிற் கைதாயினர். மாநிலக் கல்லூரியின் தொடக்கம் 1840. பச்சையப்பர் பள்ளியின் தொடக்கம் 1842. பச்சையப்ப முதலியாரோ நம் பெரியபாளையத்தில் இளமையைக் கழித்து, 1794-இற் காலமானவர். தருமத்திற்கு அவர் எழுதிவைத்த பொருளின் ஒரு பகுதி நீதிமன்றத் தீர்ப்பாற் கல்விக்கு வந்தது. தந்தையை இழந்து பிறந்து பிறர் ஆதரவில் வளர்ந்த ஒருவர் பொருளாற் படிக்கும் பிள்ளைகள், தம்மைப்போன்றே உழவன் வீட்டிலும் கூலியாள் வீட்டிலும் பிறந்த பிள்ளைகளை, ஒரே ரயிலில் வரும் பிள்ளைகளை, அடிக்கின்றனர். கல்லூரியின் பெயரிற் பெருமை கொள்ளும் இவர்க்குக் கல்லூரியின் நூலகத்தில் என்ன உள்ளது என்று காட்டியவர் யார்? அடித்தவனைத் தண்டிப்பது அரசின் கடமை. அதில் யாம் தலையிடவில்லை. ஒரு நாளில் மூன்று மணி நேரம் வண்டியிலேயே கழிக்கும் இளைஞர்க்கு அந்நேரத்திற்கு என்ன கொடுத்தோம் என்பதே எம் வினா.

மேற்கூறிய பெரியோர் வரலாறுகளை மீண்டும் நோக்குக. இராமானுசத்திற்குக் கார் நூல்; சாமிநாதையர்க்குச் சிந்தாமணி ஏடு; இராதாகிருஷ்ணனுக்கு உறவினர் தந்த பழைய பாட நூல்கள்; இராமனுக்கு மாலையிலும் திறந்திருந்த சோதனைச் சாலை. ஒவ்வொருவர்க்கும் பரீட்சைக்கு அப்பாற்பட்ட ஒரு பொருள் தக்க வேளையிற் கைக்கெட்டியது. விருப்பம் முன்னே பிறந்து நூலைத் தேடவில்லை. நூல் கைக்கு வந்தபின்னரே விருப்பம் பிறந்தது. இதனை நன்குணர்ந்தவர் சீகாழியிற் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். மாநிலக் கல்லூரியிற் கணிதம் கற்பித்த அவர் 1924-இற் சென்னைப் பல்கலைக் கழக நூலகராயினர். நூலகத்திற்கென 1931-இல் வகுத்த ஐந்து விதிகளுள், நூல் பயன்படுதற்கே என்பதை முதலில் வைத்தனர். 1948-இற் சென்னையில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம் அவர் முயற்சியின் பயன். விடுதலை பெற்ற இந்தியாவில் அவ்வகைச் சட்டங்களுள் அதுவே முதலாவது.

ஆதலின் நம் சங்க நிர்வாகிகளுக்கு யாம் வைக்கும் வேண்டுகோள் இது. மிகுந்த மதிப்பெண் பெற்றார்க்கு ஆண்டு விழாவில் வழங்கும் பரிசுத் தொகையிற் பாதியை நிறுத்திவிடலாம். முழுதும் நிறுத்துக என்று யாம் கூறவில்லை. கிளிக்கும் இடை மாணாக்கருள் இடமுண்டு. நிறுத்திய பாதியைக் கொண்டு கும்மிடிப்பூண்டியில் ஒரு படிப்பகம் அமைத்தல் வேண்டும். காலை ஐந்து மணிக்குத் திறந்து இரவு பதினொரு மணி வரை அது திறந்திருத்தல் வேண்டும். ஷிப்டு முடித்து வருவார்க்கு ஏனைய நேரம் பயன்படாது. பாட நூல்களோடு பாடத்திற்கு அப்பாற்பட்ட நூல்களும் இருத்தல் வேண்டும். நம் குடும்பங்களிற் படித்து முடித்தோர் தம் பழைய நூல்களைக் காகிதக்காரனிடம் எடைக்குப் போடாமல் அங்கே கொடுக்கலாம். ஞாயிறுதோறும் கல்லூரி மாணாக்கர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் பாடஞ் சொல்வாராயின், நன்னூலார் கூறிய அந்த அரைப்பங்கு அவர்க்கும் வந்து சேரும். குலம் கேளாமல் எவரையும் உள்ளே விடுதல் வேண்டும். திண்ணையின்கீழ் நின்றவர் வழிவந்தோர் மற்றொருவரைத் திண்ணையின்கீழ் நிறுத்துதல் பொருந்தாது.

இடத்தைப் பற்றி ஒன்று. ஊருக்குள் நம் அன்பர் ஒருவர்க்கு வாடகையின்றிக் கிடைக்கும் மாடி உண்டென்று சிலர் கூறுகின்றனர். செலவு குறையும் என்பது மெய்யே. ஆயினும் ரயிலிலிருந்து இறங்கிக் களைப்போடு வருபவன் ஊருக்குள் நடந்து வாரான். வாடகை சிறிது கூடினும் படிப்பகம் நிலையத்தை ஒட்டியே, நடைமேடையிலிருந்து பார்த்தால் விளக்குத் தெரியும் இடத்தில், அமைதல் வேண்டும்.